புள்ளிக் கணக்கும் பந்தயக் கணக்கும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து வில்லாபுரத்தில் எங்கள் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். முன்னொரு காலத்தில் என்னிடம் ஓதிய இளைஞர் ஒருவர் வந்து ஸலாம் சொல்லி அருகில் அமர்ந்தார். மத்ரஸாவில் மூன்றாண்டு ஓதியவர். குடும்பச் சுமையால் ஓதலை நிறுத்திவிட்டு நகரத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து என் கையில் கொடுத்து, “ஹஜ்ரத், இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். நான் விளங்கிக்கொண்டது சரிதானா என்று சொல்லுங்கள்” என்றார்.

விரித்துப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவில் ஆடப்படும் ரக்பி லீக் என்னும் பந்தாட்டத்தின் புள்ளி விவரம் அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. எதற்கு எத்தனை புள்ளி, எந்த அணி எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்லக்கூடும், நூறு ரூபாய் கட்டினால் என்ன திரும்பும் என்று பக்கம் பக்கமாகக் கூட்டலும் பெருக்கலும். “இது என்ன?” என்று கேட்டேன். “நீங்கள் ஃபராயிள் பாடத்தில் சொல்லிக் கொடுத்த பின்னக் கணக்குத்தான் ஹஜ்ரத். கண்ணை மூடிக்கொண்டு காசைப் போடுபவன் சூதாடி. நான் ஆட்டத்தைப் படித்துவிட்டுப் போடுகிறேன்” என்றார்.

இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு நீதியாகப் பங்கிடுவதற்காக நான் கற்பித்த ஆறிலொன்றும் எட்டிலொன்றும், ஓர் ஏழை வீட்டின் சம்பளப் பணத்தைக் கடல் கடந்து அனுப்பும் கருவியாக மாறியிருந்தன. அதைக் கண்ட என் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஆசிரியத் தொழில் செய்பவர் அறிவர். “ஹராம், விட்டுவிடு” என்று ஒரு சொல்லில் அவரை அனுப்பிவிட்டிருக்கலாம். அதைப் பலரும் அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். “அறிந்து ஆடினால் அது சூதன்று” என்ற அவருடைய வாதத்திற்கு மட்டும் எவரும் விடை சொல்லியிருக்கவில்லை. அந்த விடையை எழுதுவதற்கே இக்கட்டுரை.

ஆட்டத்தின் கணக்கு

முதலில் அந்த ஆட்டத்திற்கு உரிய நீதியைச் செய்துவிடுவோம். ரக்பி லீக்கில் அணிக்குப் பதின்மூவர். ஆட்டம் 80 நிமிடம். எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றினால் அது ‘ட்ரை’. அதற்கு நான்கு புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் மேலும் இரண்டு. எதிரணியின் பிழைக்காகக் கிடைக்கும் உதையில் கோல் அடித்தாலும் இரண்டு. ஆட்டத்தின் ஓட்டத்தில் பந்தைத் தரையில் தட்டி உதைத்துக் கம்பங்களுக்கிடையே அனுப்பினால் ஒன்று. ஆஸ்திரேலியாவில் 2021ஆம் ஆண்டிலிருந்து 40 மீட்டருக்கு அப்பாலிருந்து உதைத்தால் அதற்கு இரண்டு. 1983ஆம் ஆண்டு வரை ‘ட்ரை’க்கு மூன்று புள்ளிதான் இருந்தது. இவ்வளவும் அந்தக் குறிப்பேட்டில் பிழையின்றி இருந்தன.

அந்த ஆட்டம் பிறந்த கதையையும் அவருக்குச் சொன்னேன். 1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து விடுதியொன்றில் வடபுலத்துக் கழகங்கள் கூடி, பழைய ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்தன. பிரிவினைக்குக் காரணம் கூலி. சுரங்கத்திலும் ஆலையிலும் பாடுபட்டவர்கள் ஆட வருவதற்காக வேலையை விட்டால் அந்த நாட்கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடு செய்யவேண்டும் என்று வடபுலத்தார் கேட்டனர், செல்வர் கையிலிருந்த சங்கம் மறுத்தது. உழைப்பாளியின் ஒரு நாட்கூலி வீணாகக் கூடாது என்பதற்காகப் பிறந்த ஆட்டம் அது. அதே ஆட்டத்தின் பெயரால் இன்று மதுரையில் ஓர் உழைப்பாளி தன் நாட்கூலியை இழந்துகொண்டிருக்கிறார். சிட்னியில் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குப் பிற்பகல் மூன்றரை மணி. ஜும்ஆ முடிந்து, சோறுண்டு, கடைக்குத் திரும்பியவரின் கண் பாத்திரத்தில் இல்லை, கைப்பேசியில் இருக்கிறது.

எவரும் எடுக்க முடியாத புள்ளி

அவருடைய குறிப்பேட்டில் ஓரிடத்தில் “6.5” என்று எழுதி வட்டமிட்டிருந்தார். “இந்த ஆட்டத்தில் அரைப் புள்ளி எதற்குத் தருகிறார்கள்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “அது ஆட்டத்தில் இல்லை ஹஜ்ரத். பந்தயத்தில் வைப்பது. வலுவான அணி ஆறரைக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும்.”

அன்பர்களே, சூதின் முழு உருவமும் இந்த அரைப் புள்ளியில் இருக்கிறது. ஒரு ‘ட்ரை’யும் அதன் உதையும் சேர்ந்தால் ஆறு. ஆகவே ஆறு புள்ளி வித்தியாசத்தில் ஆட்டங்கள் முடிவது இயல்பு என்பதைப் பந்தயம் நடத்துபவன் இந்த இளைஞர் பிறப்பதற்கு முன்பே அறிவான். அறிந்தே அதன் விளிம்பில் தன் கோட்டை இழுக்கிறான். அவ்வணி ஆறு புள்ளியில் வென்றால், ஆடியவர்கள் வென்றார்கள், பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள், வில்லாபுரத்துக்காரர் மட்டும் தோற்றார்! புள்ளி முறையைக் கற்றதனால் அவருக்குக் கிடைத்தது, பந்தயக்காரன் அந்தக் கோட்டை எங்கிருந்து இழுத்தான் என்ற விளக்கம் மட்டுமே. கோட்டை நகர்த்தும் உரிமை அவருக்கு இல்லை. மைதானத்தில் எந்த வீரனும் எடுக்க முடியாத, எந்த நடுவரும் வழங்க முடியாத ஒரு புள்ளியின் மீது ஒருவர் தம் பணத்தை வைப்பதை ஆட்ட அறிவு என்று எப்படிச் சொல்வது?

இனிக் காசுக் கணக்கைப் பார்ப்போம். இரு பக்கத்திற்கும் 1.90 என்று விகிதம் போட்டிருந்தது. அதாவது நூறு ரூபாய் கட்டி வென்றால் முதலும் சேர்த்து 190 ரூபாய் வரும். இப்பக்கம் ஒருவர் நூறு, அப்பக்கம் ஒருவர் நூறு கட்டினால் வந்தது 200. வென்றவருக்குப் போனது 190. பத்து ரூபாய் நடத்துபவனுக்கு. அவன் எந்த அணியின் பெயரையும் அறிய வேண்டியதில்லை. நூறு முறை நூறு ரூபாய் கட்டி ஐம்பது முறை சரியாகச் சொன்னவர் பத்தாயிரம் கொடுத்து 9,500 பெறுகிறார். 52 முறை சரியாகச் சொன்னாலும் 9,880தான். 53ஆவது முறை வென்றால்தான் போட்ட முதலைத் தாண்டி 70 ரூபாய் காண்பார். “நீ இதுவரை எத்தனை முறை கட்டினாய், எத்தனை முறை வென்றாய்?” என்று கேட்டேன். வென்றவற்றின் பட்டியல் குறிப்பேட்டில் இருந்தது. தோற்றவற்றின் பட்டியல் இல்லை. ஃபராயிளில் ஒரு வாரிசை விட்டுவிட்டுச் சொத்தைப் பங்கிட்டால் கணக்கு எவ்வளவு அழகாக வரும் என்பது அவருக்கும் தெரியும், தலை கவிழ்ந்தார்.

இன்னொன்றும் உண்டு. மேலை நாடுகளில் தொடர்ந்து வெல்பவரின் கணக்கைப் பந்தய நிறுவனங்கள் சுருக்கிவிடும். சில ரூபாய்க்கு மேல் கட்டவிடாது. அங்கே எல்லாரும் அறிந்த வழக்கம் அது. அறிவுக்குப் பரிசு தரும் கூடம் என்றால் அறிவாளியை வாசலில் ஏன் மறிக்க வேண்டும்? அறிந்தவனை வெளியே நிறுத்தி, அறிந்ததாக எண்ணிக்கொள்பவனை உள்ளே அழைக்கும் கூடம் அது.

சடுகுடு அறிந்தவர் செல்வரானாரா?

“அந்நிய ஆட்டமாதலால் ஏமாற்றம், நம் ஆட்டமாயின் ஏமாற மாட்டோம்” என்பார் உளர். கபடியை எடுத்துக்கொள்வோம். சடுகுடு பாடி வளராத பிள்ளை மதுரைச் சீமையில் அரிது. தொட்டு வந்தால் தலைக்கு ஒரு புள்ளி. ஆறு பேரோ அதற்கு மேலோ களத்தில் நிற்கையில் போனஸ் கோட்டைத் தாண்டினால் ஒன்று. மூவரோ அதற்குக் குறைவானவரோ நின்று பாடி வந்தவனைப் பிடித்தால் இரண்டு. அணி முழுவதையும் வெளியேற்றினால் கூடுதலாக இரண்டு. இதைச் சிறுவனும் ஒப்பிப்பான். 2014இல் புரோ கபடி தொடங்கி, 2017இல் தமிழ் தலைவாஸ் அணி அதில் சேர்ந்தபின், கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டும் செயலிகள் நம் இளைஞரின் இந்த அறிவைத்தான் குறிவைத்தன. புள்ளி அறிவு பொருளாகுமாயின் நம் ஊர்த் தெருக்களில் மாடமாளிகைகள் எழுந்திருக்க வேண்டும். எழுந்தவை எவருடையவை? அந்நிறுவனங்களுள் ஒன்று 2023 முதல் 2025 வரை இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் தன் பெயரைப் பொறித்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. கட்டியவனின் சட்டை மட்டும் கிழிந்தபடியே இருந்தது.

சட்டம் வந்து சேர்ந்த இடம்

திறமை, அதிர்ஷ்டம் என்ற இந்தப் பாகுபாடு நம் நாட்டில் வெள்ளையர் விதைத்தது. 1867ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் திறமையால் ஆடும் ஆட்டத்திற்கு விலக்களித்தது. 1968இல் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்றது உச்ச நீதிமன்றம். 1996இல் குதிரைப் பந்தயத்தையும் அவ்வரிசையில் சேர்த்தது. 2003இல் லாட்டரிச் சீட்டை ஒழித்த தமிழகம், இணையவழிச் சூதைத் தடுக்க 2021இல் இயற்றிய சட்டம் அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப்பின் 2022இல் மீண்டும் ஒரு சட்டம் பேரவையில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் பேரவை மறுபடியும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றுக்கான தடையை நீக்கியது. கடைசியாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் இரண்டும் கலந்ததாயினும், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டத்தை ஒரே பெயரால் அழைத்து விலக்கியது.

1867இலிருந்து 2025 வரை எண்ணிப் பாருங்கள்: 158 ஆண்டுகள். “ஆடுபவன் எவ்வளவு அறிந்தவன்?” என்ற கேள்வியை விட்டு, “பணம் எப்படிக் கைமாறுகிறது?” என்ற கேள்விக்கு வர நம் சட்டத்திற்கு இத்தனை காலம் பிடித்தது. நம் மார்க்க அறிஞர்கள் தொடக்கத்திலேயே இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டார்கள்.

ஏழு அம்புகள்

இஸ்லாத்திற்கு முந்திய அரபியரின் ‘மைஸிர்’ ஆட்டத்தை இமாம் ஸமக்ஷரீ தம் ‘கஷ்ஷாஃப்’ விரிவுரையில் விளக்குகிறார். ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பத்துப் பங்காக, அல்லது சிலர் கூற்றுப்படி இருபத்தெட்டுப் பங்காக வைப்பார்கள். பத்து அம்புகள். ஏழுக்குப் பங்கு உண்டு. ஃபத்து ஒன்று, தவ்அம் இரண்டு, ரகீப் மூன்று, ஹில்ஸ் நான்கு, நாஃபிஸ் ஐந்து, முஸ்பில் ஆறு, முஅல்லா ஏழு. கூட்டினால் இருபத்தெட்டு. எஞ்சிய மூன்று அம்புகள் வெறுமை. நம்பிக்கையான ஒருவர் அவற்றைப் பையிலிட்டுக் குலுக்கி ஒவ்வொருவர் பெயராலும் ஒவ்வொன்றை எடுப்பார். வெற்றம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைச் செலுத்தவேண்டும். ரக்பியின் நான்கும் இரண்டும் ஒன்றும் இந்த ஏழடுக்குப் புள்ளி முறைக்கு முன் எம்மாத்திரம்!

இதிலும் வியப்பு, வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். கொடுத்துப் பெருமை பேசினார்கள். சேராதவனை ‘பரம்’ என்று இழித்துரைத்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். விதி தெளிவானது, குலுக்குபவர் நம்பகமானவர், பயன் ஏழைக்கு. அப்படியிருந்தும் திருக்குர்ஆன் அதை விலக்கியது. அதில் மனிதர்க்குச் சில பயன்கள் உள்ளன என்பதை அல்பகரா அத்தியாயத்தில் மறைக்காமல் ஒப்புக்கொண்டு, பாவம் அப்பயனிலும் பெரிது என்று நிறுத்தது. அல்மாயிதாவில் பகைமையும் வெறுப்பும் விளைவதையும், இறைநினைவும் தொழுகையும் தடைப்படுவதையும் காரணமாகக் காட்டியது. விதியை அறியாததனால் விளையும் தீங்கு என்று அங்கே சொல்லப்படவில்லை.

‘மைஸிர்’ என்னும் சொல்லுக்கு ஸமக்ஷரீ இரு வேர் காட்டுவார். ‘யுஸ்ர்’ என்றால் எளிமை. பாடுபடாமல் பிறர் பொருளை எளிதில் எடுப்பதால். ‘யஸார்’ என்றால் செல்வம், அதைப் பறித்துவிடுவதால். முதல் வேர் வென்றவனை நோக்கியது, இரண்டாம் வேர் தோற்றவனை நோக்கியது. ஒரே சொல்லில் இரு முகம். நம் வள்ளுவரும் சூது என்று ஓர் அதிகாரமே வகுத்து, வென்ற பொருளைத் தூண்டிலில் மாட்டிய இரையாகக் கண்டார். மீனுக்கு இரையின் சுவை தெரியாமலில்லை, தெரிந்ததனால்தான் விழுங்குகிறது. தோல்வியைவிட வெற்றிக்கு அஞ்சச் சொன்ன அந்த நுட்பம் கருதத்தக்கது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

அவ்விளைஞர் இறுதியாக ஓர் ஆயுதத்தை எடுத்தார். “ரோமர் வெல்வார்கள் என்று அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் மக்கத்துக் காஃபிர்களிடம் பந்தயம் கட்டவில்லையா?” கைப்பேசியில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறார். அந்தச் செய்தி திர்மிதீயில் உள்ளது உண்மை. பந்தயம் தடுக்கப்படுவதற்கு முன் நடந்தது அது என்ற சொற்களும் அதே அறிவிப்பிலேயே உள்ளன. அறிவிப்பின் தலையை எடுத்துக்கொண்டு வாலை விட்டுவிடுபவன், வென்ற பட்டியலை எழுதித் தோற்ற பட்டியலை விட்டவனுக்கு உடன்பிறந்தவன்.

மார்க்கம் போட்டியையே வெறுத்ததா? இல்லை. ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றில் பரிசு வைத்துப் போட்டியிட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அதிலும் ஃபிக்ஹு அறிஞர்கள் நுணுகி வகுத்தார்கள்: ஆட்சியாளரோ மூன்றாமவரோ பரிசு தந்தால் ஆகும், போட்டியாளருள் ஒருவர் மட்டும் வைத்தாலும் ஆகும், இருவரும் வைத்து வென்றவர் இரண்டையும் எடுப்பதாயின், எதுவும் வைக்காத மூன்றாம் போட்டியாளர் ஒருவர் இடையே இருந்தாலன்றி ஆகாது என்றனர். இந்த அமைப்பில் பரிசு பெறுபவன் ஓடியவன், எய்தவன், வியர்வை சிந்தியவன். வேலிக்கு வெளியே நிற்பவன் காசு கட்டுவதற்கு இவ்விதிகளில் இடமே இல்லை. பாத்திரக் கடையில் நின்றுகொண்டு சிட்னியில் ஓடுபவன்மேல் பணம் வைப்பவனுக்கு எந்த மத்ஹபில் வாசல் திறக்கும்?

நம் வீட்டுக் குற்றம்

பிறரைச் சாடி முடித்துவிட்டால் இக்கட்டுரை நேர்மையாகாது. மிம்பரில் நின்று சூது ஹராம் என்று முழங்கி இறங்கிவிடும் ஆலிம்களாகிய நாம், 1.90 என்றால் என்ன என்று ஒரு நாளாவது விளக்கியதுண்டா? மைஸிர் என்னும் சொல்லை ஓதிக் கொடுக்கிறோம். அது இன்று எந்த உடையில் தெருவில் நடக்கிறது என்று காட்டிக் கொடுப்பதில்லை. நம் இளைஞர்கள் பெருநாளை ஒட்டிக் கிரிக்கெட்டும் கபடியும் நடத்தும்போது, அணிக்கு இவ்வளவு என்று நுழைவுப் பணம் வசூலித்து, அந்தத் தொகையையே வென்ற அணிக்குப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. மேலே சொன்ன விதியில் வைத்துப் பாருங்கள்: எல்லாரும் வைக்க ஒருவர் எடுப்பது அல்லவா அது? கோப்பையைக் கொடுத்துக் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் ஜமாஅத் பெரியவர்கள் இதைக் கேட்டதுண்டா? நுழைவுப் பணத்தை ஏற்பாட்டுச் செலவுக்கு மட்டும் வைத்து, பரிசை ஊர்ச் செல்வர் ஒருவர் தந்தால் அதே போட்டி குற்றமற்றதாகிவிடும். இத்துணை எளிய திருத்தத்தையும் நாம் செய்யவில்லை. சிறு வயதில் மைதானத்தில் பழகிய கை, பெரியவனானதும் கைப்பேசியில் தொடர்கிறது.

சூதில் தோற்றவன் கடனை மறைக்கிறான். வட்டிக்கு வாங்கி மறைக்கிறான். ஒரு ஹராமை அடைக்க இன்னொன்று. அவனை ஜமாஅத்தில் நிறுத்தி இழிவுபடுத்தினால் அவன் இன்னும் ஆழமாய் மறைவான். பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் தந்து, கைப்பேசிக் கணக்கைத் தந்தையோ மனைவியோ பார்க்குமாறு ஏற்பாடு செய்து, மெல்ல மீட்கவேண்டும். சட்டம் செயலியைத் தடுக்கும். தடுத்த செயலி வேறு பெயரில் வரும். வருவதை அடையாளம் காணும் கண்ணை நாம்தான் கொடுக்கவேண்டும்.

அன்று மக்ரிபு பாங்கு ஒலிக்கும் வரை அவரும் நானும் அந்தக் குறிப்பேட்டைத் திருத்தினோம். விடுபட்ட பட்டியலை அவரே நினைவுகூர்ந்து, ஒவ்வொன்றாக எழுதினார். கூட்டி வந்த தொகை அவருடைய இரண்டு மாதச் சம்பளத்தையும் தாண்டியது. அதுவரை அந்தத் தொகையை அவர் ஒருமுறையும் முழுமையாகப் பார்த்ததில்லை. “புள்ளியெல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். விடுபட்ட வாரிசு உன் வீடு” என்றேன். குறிப்பேட்டை என்னிடமே விட்டுவிட்டு உளூச் செய்ய எழுந்தார்.

அவர் அதன்பின் விட்டுவிட்டாரா என்று கேட்பீர்கள். கடனைச் சிறுகச் சிறுக அடைத்து வருகிறார். வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் கடையிலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்து இரண்டு சொல் பேசுகிறார். மூன்றரை மணிக்கு அவருடைய அழைப்பு வராத வெள்ளிக்கிழமைகளில் நான் அவரைத் தேடிச் செல்கிறேன். ஃபராயிள் பாடத்தை இவ்வாண்டு முதல் அந்தக் குறிப்பேட்டை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன்.